பதினாறு கட்டங்களும் பிளஸ் டூ பையனும்

பையன் ராத்திரி ஒரு மணி வரை லேப்டாப்பில் கட்டம் கட்டமாக எதையோ தட்டுகிறான், கேட்டால் ‘பீட் போடறேன்’ என்கிறான், இதை நம்பி இவனை விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் கேம் என்றே நினைத்தீர்களாம். கேம் இல்லை அம்மா. பாட்டுக்கு அடியில் ஓடும் தாளத்தைக் கம்ப்யூட்டரில் அமைக்கிறான், அதுதான் பீட்.

அந்தக் கட்டங்களுக்கு ஸ்டெப் சீக்வென்சர் என்று பெயர். வாத்தியத்துக்கு ஒரு வரிசை, வழக்கமாக வரிசைக்கு 16 கட்டம். தட்டிய கட்டத்தில் அடி விழும். மார்கழி சபாக்களில் தொடையில் தாளம் போட்டவர் நீங்கள், உங்களுக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். நான்கு முறை ‘தகதிமி’ சொல்லுங்கள், 16 வந்துவிட்டது. 1, 5, 9, 13-ஆம் கட்டங்களில் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), 5-லும் 13-லும் ஸ்நேர் (குச்சியால் அடிக்கும் சின்ன டிரம்), ஒன்று விட்டு ஒன்று ஹை-ஹாட் (ஜால்ரா மாதிரி ஜோடித் தட்டு). முதல் பீட் இவ்வளவுதான். நம்மூர் குத்து வேண்டுமா, 16-ஐ 12 ஆக்கி நான்கு ‘தகிட’ வையுங்கள். பல பிள்ளைகள் இங்கேதான் முட்டிக்கொள்கிறார்கள். 16 கட்டத்துக்குள் குத்தை அடைத்துவிட்டு, ஏன் ஆட்டம் வரவில்லை என்று முழிப்பார்கள். அப்புறம் வெலாசிட்டி, அதாவது ஒவ்வொரு அடியின் அழுத்தம். எல்லா அடியும் ஒரே அழுத்தத்தில் விழுந்தால் தையல் மெஷின் மாதிரி இருக்கும். மிருதங்கக்காரர் விரல் தானாகச் செய்வதை இவன் மவுஸால் செய்யவேண்டும்.

இப்போதைக்குப் பெரிய செலவு வேண்டாம். பேண்ட்லேப் என்ற இசை மென்பொருள் இலவசம், பிரவுசரிலேயே ஓடும். ஆப்பிள் கம்ப்யூட்டர் என்றால் இதே வேலைக்குக் கராஜ்பேண்ட் உண்டு. எஃப்எல் ஸ்டுடியோ என்ற இன்னொரு மென்பொருளின் இலவசப் பதிப்பில் ஒரு வில்லங்கம்: செய்ததைச் சேமிக்கலாம், திரும்பத் திறக்கப் பணம் கட்டவேண்டும். அதற்காக நண்பன் தரும் கிராக் காப்பி பக்கம் போகவேண்டாம், வைரஸும் கூடவே வரும். ரிச்சி தெருவில் ஒயர் வைத்த ஹெட்போன் ஒன்று வாங்கிக் கொடுங்கள். புளூடூத்தில் தட்டுவதற்கும் கேட்பதற்கும் நடுவே இடைவெளி விழும். வாசிக்கிற மியூசிக் கீபோர்டு பிறகு பார்க்கலாம். ஒரு அப்பாவிடம் ஆரம்பத்திலேயே அதை வாங்கச் சொன்னேன். இப்போது அதன்மேல் துணி காய்கிறது.

நான் பார்ப்பது ஒன்றைத்தான்: முடிக்கிறானா? திரும்பத் திரும்ப ஓடும் எட்டு நொடித் துண்டு, அதாவது லூப், நூறு வைத்திருக்கும் பையன்கள் இந்த ஊரில் ஏராளம். தொடக்கம், நடுவில் ஒரு மாற்றம், முடிவு என்று இரண்டு நிமிடம் ஓடும் பீட் ஒன்றை, ஞாயிறுதோறும், 12 வாரம் செய்யட்டும். மற்ற நாட்களில் பரீட்சைப் படிப்பு. அதில் நான் அவன் பக்கம் இல்லை.

படிப்பு என்றால், தரமணி அரசு திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவுப் பிரிவு இருக்கிறது. ஆனால் அது மைக், ரெக்கார்டிங், மிக்ஸிங் பக்கம். பீட் போடுவது வேறு வேலை. ஏ.ஆர். ரஹ்மான் 2008-இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி இசைப் பக்கம், தனியார். கட்டணத்தை முதலில் விசாரியுங்கள். இரண்டுமே வேண்டாம், பி.காம். படித்துக்கொண்டே செய்கிறேன் என்றாலும் தப்பில்லை. சாலிகிராமம், வடபழனி ஸ்டுடியோக்களில் ரிதம் ப்ரோகிராமர்களுக்கு வேலை உண்டு, மாதச் சம்பளம்தான் அபூர்வம். அங்கே யாரும் டிகிரி கேட்பதில்லை, ‘போட்டுக் காட்டு’ என்பார்கள்.

அந்த 12 பீட்டில் ஏழெட்டாவது முடித்திருந்தால் அவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஹெட்போனை எடுத்துவரச் சொல்லுங்கள், நான் கேட்கவேண்டும்.