ஆரல் ஏன் சாப்பிட மறுக்கிறது?

ரங்கூனிலிருந்து ஒரு வாசகி படத்துடன் எழுதியிருக்கிறார்: "மீன் கடையில் ஒரு சாண் நீள ஆரல் வாங்கி, வண்ணக் கூழாங்கல் போட்ட இரண்டடித் தொட்டியில் விட்டேன். பகலெல்லாம் வடிகட்டிக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடக்கிறது. உருண்டைத் தீனியைத் தொடவே இல்லை, மெலிந்து வருகிறது. வயிற்றுப் பக்கம் சிராய்த்துச் சிவந்திருக்கிறது. மாமா மருந்து ஊற்றச் சொல்கிறார். ஊற்றலாமா? பஜாரில் கறிக்கு உயிரோடு விற்கும் ஆரலையும் இதனுடன் விடலாமா?"

மருந்தை இப்போதைக்கு ஊற்றாதீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், அந்த மீனுக்கு முதலில் வேண்டியது மணலும் ராத்திரிச் சாப்பாடும்.

ஆரல் பகலில் மண்ணுக்குள் புதைந்து கிடந்து, இருட்டியதும் இரை தேடும் மீன். நல்ல மணலில் விட்டுப் பாருங்கள்: தலையைச் செருகி உடம்பை இரண்டு நெளி நெளித்தால் முழுதாக உள்ளே போய்விடும். சற்று நேரத்தில் மூக்கு மட்டும் வெளியே நீளும். கூழாங்கல்லிலும் அதே முயற்சியைத்தான் செய்கிறது. கல் இடம் கொடுக்காததால் தோல் உரசிச் சிவக்கிறது. அந்தப் புண்ணில் கிருமி சேர்ந்தால்தான் ஆபத்து.

ஆகவே கல்லை எடுத்துவிட்டு நுண்மணல் இரண்டு அங்குல உயரத்துக்குப் போடுங்கள். கட்டட வேலைக்கு வரும் ஆற்று மணலே போதும். சலித்து, கலங்கல் போகும்வரை அலசி, ஈர மணலை மணிக்கட்டின் உட்பக்கம் தேய்த்துப் பாருங்கள். உங்களுக்குக் குத்தினால் அதற்கும் குத்தும். மணலை அளவுக்கு மீறி உயர்த்தினால் அடியில் அழுகல் வாயு சேரும். மாற்றும்போது மீனை வலையால் பிடிக்காதீர்கள். முதுகில் வரிசையாக உள்ள முட்கள் வலையில் மாட்டிக்கொள்ளும், பிரிக்கப் போனால் உங்கள் கையையும் கிழிக்கும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் சாய்த்து, அதற்குள் ஓட்டிவிடுவது நல்லது.

அடுத்தது சாப்பாடு. கடையில் புதிதாக வந்த ஆரலுக்கு உருண்டைத் தீனி உணவாகவே தெரியாது. உயிருள்ள மண்புழு கொடுங்கள். மழைக்காலத்தில் தோட்டத்து மண்ணைக் கிளறினாலே கிடைக்கும், பூச்சிமருந்து அடிக்காத இடமாக மட்டும் இருக்கட்டும். கழுவி, சிறு துண்டாக்கி, விளக்கை அணைத்து அரை மணி கழித்து அது ஒடுங்கும் இடத்தருகே போடுங்கள். மங்கிய டார்ச்சில் தள்ளி நின்று பார்த்தால் தெரியும்: அந்த நீண்ட மூக்கு மணலைத் தடவித் தடவி வந்து, புழுவில் பட்டதும் ஒரு கணம் நின்று, அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். பழகிய பிறகு உறைந்த இரத்தப்புழு, உரித்து நறுக்கிய இறால் என்று மாற்றலாம். மற்ற மீன்கள் சுறுசுறுப்பாக இருந்தால் அவற்றுக்கு முதலில் போட்டு வயிற்றை நிரப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆரலின் பங்கையும் அவையே தின்றுவிடும்.

மாமா சொன்ன மருந்து விஷயம். ஆரலின் செதில்கள் மிகச் சிறியவை, தோலுக்கு அவ்வளவாகக் காப்பு இல்லை. செம்பு, மாலகைட் பச்சை, ஃபார்மலின் கலந்த மருந்துகளை முழு அளவில் ஊற்றினால் நோயைவிட மருந்தே முந்திக்கொள்ளும். சிராய்ப்புக்குச் சுத்தமான தண்ணீர்தான் மருந்து: இரண்டு நாளுக்கு ஒருமுறை கால் பங்கை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரானால் குளோரின் நீக்கும் சொட்டு விட்டே ஊற்ற வேண்டும். உடம்பில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி வந்தால் மட்டும் வெப்பத்தை மெல்ல 30 டிகிரிக்கு ஏற்றி, மருந்தைப் பாதி அளவில் தொடங்கலாம்.

தொட்டிக்கு மூடி கட்டாயம். வடிகட்டிக் குழாய் போகும் ஓட்டையைக்கூட ஸ்பாஞ்ச் வைத்து அடையுங்கள். ஆரல் தப்ப அவ்வளவு இடம் தாராளம். கரண்ட் மணிக்கணக்கில் போகும் ஊரில் பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்றைத் தயாராக வையுங்கள். ஏப்ரல் வெயிலில் சூடேறிய தண்ணீரில் பிராணவாயு சீக்கிரம் குறையும்.

உங்கள் படத்தில் முதுகுத் துடுப்பின் அடியில் கண் போன்ற வளையங்கள் தெரிகின்றன. மயில் ஆரல் என்றே படுகிறது, ஓர் அடி வரை வளரும். மூன்றடித் தொட்டியாவது பின்னால் தேவைப்படும். வாயில் நுழையும் சிறு மீன்களை அதனுடன் விடாதீர்கள்.

பஜார் ஆரல் வேண்டாம். அங்கே வரும் பெரிய இனம் முக்கால் மீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. கூடையில் ஒன்றன்மேல் ஒன்று நெளிந்து, தோலின் வழவழப்பு போய்த்தான் வந்து சேரும். தூண்டில் காயமும் இருக்கலாம், உங்கள் மீனுக்கு நோயும் ஒட்டும். யாராவது 'இன்லே ஆரல்' என்று நீட்டினாலும் வாங்காதீர்கள். 1893இல் விலங்கியல் அறிஞர் பூலஞ்சர் விவரித்த இன்லே ஆரல் இனங்களுக்கு ஷான் மலைநாட்டில் உள்ள இன்லே ஏரிதான் வீடு. மலை மேல் சுண்ணாம்புச் சத்துள்ள தெளிந்த, குளிர்ந்த தண்ணீரில் வளர்ந்ததை ரங்கூன் புழுக்கத்தில் வைப்பது கொடுமை. அவை அங்கேயே இருக்கட்டும்.

மணல் மாற்றி இரண்டு வாரம் மண்புழு கொடுத்துப் பாருங்கள். புழுவைத் தின்றும் வயிறு ஒட்டியே இருந்தால் குடலில் ஒட்டுண்ணி இருக்கக்கூடும். ஆற்றில் பிடித்து வரும் ஆரலில் அது சகஜம். அப்போது லெவாமிசோல் என்ற குடற்புழு மருந்து பற்றி மீன் வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். போகும்போது தொட்டியின் நீளம் அகலம் உயரத்தையும் எழுதிக்கொண்டு போங்கள், தண்ணீரின் அளவு தெரியாமல் மருந்தின் அளவு சொல்ல முடியாது.