பழைய பெயர் போட்ட இறுவட்டுப் பெட்டியை வாங்கலாமா?

கேள்வி: அப்பா கப்பலில் வேலை செய்த காலத்தில் பார்த்த ‘வேகன் ட்ரெயின்’ என்ற பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைத் திரும்பப் பார்க்க ஆசைப்படுகிறார். கனடாவில் இருக்கும் அக்கா ஒரு இறுவட்டுத் தொகுதியைப் பார்த்து வைத்திருக்கிறார். பெட்டியில் ‘டைம்லெஸ் மீடியா குரூப்’ என்று இருக்கிறது. அந்தக் கம்பனியைத்தான் ஷவுட் ஃபாக்டரி என்ற இன்னொரு இறுவட்டுக் கம்பனி வாங்கிவிட்டதே, அப்படியானால் இது போலியா? இங்கே ஓடுமா?
– வாசகர், உவர்மலை, திருகோணமலை

பதில்: பெயரை வைத்துப் போலி என்று நினைக்க வேண்டாம். ஷவுட் ஃபாக்டரி டைம்லெஸை வாங்கியது 2012இல். அதற்கு முன் அடித்த பெட்டிகள் கடைகளில் இன்னும் கிடக்கின்றன. வாங்கிய பிறகும் டைம்லெஸ் பெயரிலேயே இறுவட்டுகள் வந்தன. கம்பனி கைமாறியதால் உள்ளே இருக்கும் படம் மாறிவிடாது.

இந்தக் கம்பனிகள் பழைய தொடர்களைப் பெரும்பாலும் ஸ்டூடியோவிடம் உரிமம் பெற்றுத்தான் வெளியிடுகின்றன. உரிமம் முடிந்தால் அச்சடிப்பதும் நின்றுவிடும், அப்புறம் விலை ஏறும். அதனால் நியாயமான விலைக்குக் கிடைத்தால் எடுத்துவிடுங்கள். ‘புதிய பதிப்பு’ என்பதற்காக மட்டும் கூடக் காசு கொடுக்காதீர்கள்.

ஓடுமா என்பதுதான் பெரிய கேள்வி. பெட்டியின் பின்புறம் பூகோளப் படத்துக்குள் ஒரு எண் இருக்கும், உலகின் எந்த வலயத்துக்கான இறுவட்டு என்பதை அது காட்டும். 1 என்றால் அமெரிக்கா, கனடாவுக்கு. இலங்கை 5ஆம் வலயம். 1 போட்ட இறுவட்டு நம் ஊர்ப் பிளேயரில் ஓட வேண்டுமென்றால் அது எல்லா வலயத்தையும் ஏற்கும் பிளேயராக இருக்க வேண்டும். டிவியில் படம் காட்டும் முறையும் வேறு: அங்கே என்.டி.எஸ்.சி. (NTSC) முறை, இங்கே பால் (PAL) முறை. இப்போதைய டிவிகள் அநேகமாக இரண்டையும் காட்டும், பழைய குழாய் டிவி என்றால் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டபடியோ தெரியலாம்.

அக்காவிடம் கட்டாயம் சொல்லுங்கள்: அனுப்பும் முன் ஒவ்வொரு இறுவட்டையும் போட்டுப் பார்க்கட்டும். ஒன்று கீறலாக வந்தாலும் திருகோணமலையிலிருந்து திருப்பி அனுப்பும் தபால் செலவு தொகுதியின் விலையையே தொட்டுவிடும். அங்கேயே மாற்றிவிடுவது சுலபம்.

பிளேயரை இங்கே வாங்குவதானால் அந்த இறுவட்டையே கடைக்குக் கொண்டுபோய், ஓடவிட்டுப் பார்த்துக் காசு கொடுங்கள். ‘எல்லா வலயமும் ஓடும்’ என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். பிறகு ஓடாமல் கடைக்காரர் கையை விரித்தால், வாங்கி மூன்று மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம், தொலைபேசி 1977.