விரலசைவுக்குக் காப்புரிமை கேட்கலாமா?

வணக்கம். காசிமேட்டு மீன் ஏலக்காரர்களுக்காக நீங்கள் உருவாக்கும் செயலியில், இரு விரல்களைக் கீழே இழுத்தால் ஏலம் முடியும் என்ற அசைவுக்குக் காப்புரிமை பெறலாமா என்று கேட்டிருந்தீர்கள். அசைவுக்கு மட்டும் என்றால் வேண்டாம் என்பதே என் கருத்து. இழுப்பதும் தட்டுவதும் எல்லோருக்கும் பொதுவாகவே இருக்க வேண்டும். விரலை நகர்த்தித் திரையைத் திறக்கும் முறைக்கு ஆப்பிள் பெற்றிருந்த ஐரோப்பியக் காப்புரிமையை, நியோனோடு என்ற ஸ்வீடன் நிறுவனத்தின் கைப்பேசியில் அதற்கு முன்பே அத்தகைய அசைவு இருந்ததைக் கருத்தில் கொண்டு, ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் 2015இல் செல்லாதென்று அறிவித்தது. நம் நாட்டிலும், 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு வெறும் கணினி நிரலுக்கு இடம் தருவதில்லை.

ஆனால் நீங்கள் போகிறபோக்கில் சொன்ன ஈரக்கைச் சிக்கல்தான் முக்கியமானது. ஐஸும் உப்புநீரும் படிந்த கையோடு தொடும்போது, திரையில் தங்கும் நீர்த்துளியையும் விரலென்றே தொடுதிரை எடுத்துக்கொள்கிறது; அந்தப் பொய்த் தொடுகைகளைப் பிரித்தறிய நீங்கள் கண்ட வழி, திரை இயங்கும் விதத்தையே மேம்படுத்துகிறது என்று காட்ட முடிந்தால், அது உண்மையான உழைப்பு, அதற்கு விண்ணப்பிப்பது நியாயம். இதே சிக்கலுக்கு ஏற்கெனவே பல காப்புரிமைகள் இருப்பதால் முதலில் அவற்றைத் தேடிப் படியுங்கள். ஏலக்கூடத்தில் செயலியை வெளிப்படையாகப் பயன்படுத்தும் முன்பே கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்தில் தற்காலிக விவரக்குறிப்பை, அதாவது கண்டுபிடிப்பைப் பற்றிய முதற்கட்ட விளக்கத்தை, தாக்கல் செய்துவிட்டால், முழு விவரக்குறிப்பைத் தர 12 மாத அவகாசம் கிடைக்கும்.