டொராண்டோவில் கோப்பை, உட்லண்ட்ஸில் சண்டை

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகனுக்கு வயது 18. ‘பேப்பர் ரெக்ஸ்’ என்ற சிங்கப்பூர் அணி கனடாவில் கோப்பை வென்றதிலிருந்து, படிப்பை நிறுத்திவிட்டு ‘வாலரண்ட்’ என்ற கம்ப்யூட்டர் துப்பாக்கிச் சண்டை விளையாட்டையே தொழிலாக எடுத்துக்கொள்ளப் போவதாகச் சொல்கிறான். ‘இம்மார்ட்டல்’ தரத்தில் இருக்கிறானாம். கம்ப்யூட்டரைத் தூக்கிக் குப்பையில் போடுவேன் என்கிறார் என் கணவர். அப்பாவும் பிள்ளையும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் யார் பக்கம் நிற்பது?
– ஒரு தாய், உட்லண்ட்ஸ்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

இப்போதைக்கு யார் பக்கமும் நிற்க வேண்டாம். உங்கள் கணவருக்கு அந்த அணியைப் பற்றி எதுவும் தெரியாது. உங்கள் மகனுக்குப் பாதிதான் தெரியும். பாதி தெரிந்தவரோடு பேசுவதுதான் கடினம் என்பதால் அவனிடமிருந்தே தொடங்குகிறேன்.

பேப்பர் ரெக்ஸ் சாதித்தது சின்ன விஷயமில்லை. 2025 ஜூனில் டொராண்டோவில் நடந்த, உலகின் முன்னணி வாலரண்ட் அணிகள் மோதும் மாஸ்டர்ஸ் போட்டியின் இறுதியில் ஐரோப்பாவின் ஃபனாட்டிக் அணியை 3–1 என்று வென்றார்கள். தென்கிழக்காசிய அணி ஒன்று அந்தக் கோப்பையைத் தூக்கியது அதுவே முதல் முறை. இதை ‘வெட்டி வேலை’ என்று உங்கள் கணவர் சொன்னால், அவருடைய வாதத்தில் மகன் அப்போதே நம்பிக்கை இழந்துவிடுவான். நியாயமும் அவன் பக்கம் போய்விடும்.

ஆனால் அந்தக் கோப்பைக்கு முன்னால் நடந்ததை அவன் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டான். 2022-இல் ரேக்யவிக்கில் நடந்த மாஸ்டர்ஸில் நான்காம் இடம். அதே ஆண்டு கோபன்ஹேகனில் இறுதி வரை போய், 3–2 என்று மயிரிழையில் தோல்வி. 2023-இல் தோக்கியோவில் மூன்றாம் இடம். லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் இறுதியில் மறுபடியும் தோல்வி. கோப்பை வென்ற 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பேங்காக்கில் நடந்த மாஸ்டர்ஸுக்கு அவர்கள் தகுதிகூடப் பெறவில்லை. வெளியே உட்கார்ந்து பார்த்தவர்கள், ஆட்டக்காரர் ஒருவரை மாற்றிக்கொண்டு, நான்கு மாதத்தில் கோப்பையோடு வந்தார்கள். இத்தனை தோல்விக்கும் அணி கலையாமல் இருந்ததற்குக் காரணம், சம்பளம் கொடுத்துப் பொறுமையாகக் காத்திருந்த ஒரு நிர்வாகமும் அலெக்ஸ் என்ற பயிற்றுநரும். தனியாக அறையில் ஆடும் பையனுக்கு அந்த இரண்டும் கிடையாது.

இன்னொன்று. பெயர் சிங்கப்பூர் அணி. டொராண்டோவில் ஆடிய ஐவரில் சிங்கப்பூர்ப் பிள்ளை ஜிங் ஒருவர்தான் (இவையெல்லாம் ஆட்டத்துக்காக வைத்துக்கொண்ட பெயர்கள்). ஃபோர்சேக்கன் இந்தோனேசியர், டவாய் மலேசியர், பேட்மென் பிலிப்பீன்ஸ்காரர், சம்திங் ரஷ்யர். உங்கள் மகன் போட்டியிடப் போவது பக்கத்து புளோக் பையன்களோடு இல்லை. பேப்பர் ரெக்ஸ் ஆடும் வட்டார லீகான பசிபிக் லீகில் 2025-இல் 12 அணிகள். அணிக்கு ஐவர் என்றால் 60 இடம். கொரியா, ஜப்பான் தொடங்கி இந்தியா வரை அந்த 60-க்குத்தான் அடிதடி. ‘இம்மார்ட்டல்’ நல்ல தரம்தான், மறுக்கவில்லை. அதற்கு மேலே ‘ரேடியன்ட்’ என்று ஒன்று இருக்கிறது. வட்டாரத்துக்கு முதல் 500 பேருக்கு மட்டும். அணிகள் ஆள் தேடுவது பெரும்பாலும் அங்கே.

அவனோடு உட்கார்ந்து ஓர் ஆட்டம் பாருங்கள். ஒன்றும் புரியாவிட்டாலும் பரவாயில்லை. ஐந்து பேர் குண்டு வைக்க வருவார்கள், ஐந்து பேர் தடுப்பார்கள். ஒரு சுற்றுக்கு 100 விநாடி. முதலில் 13 சுற்று எடுப்பவர் வெற்றி. மற்ற அணிகள் புகை போட்டு, எட்டிப் பார்த்து, காத்திருந்து நுழையும் வாசலில் பேப்பர் ரெக்ஸ் திபுதிபுவென்று ஓடும். முதலில் நுழைந்தவர் சுடப்பட்டு விழுவார். சுட்டவன் துப்பாக்கியைத் திருப்புவதற்குள் இரண்டாமவர் அவனை வீழ்த்தியிருப்பார். அந்த அரை விநாடியைக் கவனியுங்கள். முதலாமவர் விழப்போகிறார் என்று தெரிந்தே, எந்தக் கோணத்தில், எவ்வளவு பின்னால் வர வேண்டும் என்பதை இரண்டாமவர் பழகி வைத்திருக்கிறார். பார்ப்பவருக்கு வெறியாட்டம், ஆடுபவருக்கு ஒத்திகை. நட்சத்திரமான ஃபோர்சேக்கனே, அணிக்குத் தேவைப்பட்டபோது முன்னால் பாயும் வேலையை விட்டுப் புகை போடும் வேலைக்கு மாறினார். உங்கள் மகன் யாரைப் பார்த்து ஆசைப்படுகிறான் என்று கேளுங்கள். முதலில் பாய்பவரை மட்டும்தான் என்றால், அவன் இன்னும் ரசிகன்தான்.

இனி சட்டம். இதில் நான் இளக்கம் காட்டப் போவதில்லை. முழுநேரப் படிப்பு இருப்பதால்தான் அவனுடைய தேசிய சேவை தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. படிப்பை நிறுத்தினால் அந்தத் தவணையும் போகும். அவன் போகப்போவது லீக் நடக்கும் சோலுக்கு இல்லை, ராணுவ முகாமுக்கு. ஜிங்கே 2023 இறுதிப் போட்டிக்குப் பிறகு தேசிய சேவைக்காக அணியை விட்டு ஒதுங்கித்தான் திரும்பி வந்தார். உலகப் போட்டியின் இறுதியில் ஆடியவருக்கே அப்படி. சந்தேகம் இருந்தால் தற்காப்பு அமைச்சிடம் அவனே கேட்டு எழுதட்டும். நீங்கள் சொன்னால் பயமுறுத்துவதாக நினைப்பான்.

அவன் சொல்லாமல் விட்ட இன்னொரு சிங்கப்பூர் அணி இருக்கிறது: பிளீட். 2023-இல் கீழ்நிலைப் போட்டியில் வென்று பசிபிக் லீகுக்கு ஏறியது. 2024 பருவத்தோடு லீகில் அதன் இடம் முடிந்தது. இதே தீவு, இதே விளையாட்டு.

எனவே நான் சொல்வது இது. டிப்ளோமா முடியும் வரை படிப்பு நிற்கக்கூடாது. அதே நேரம் கம்ப்யூட்டரும் எங்கேயும் போகக்கூடாது. நிலையான ஐவர் அணி ஒன்றைச் சேர்த்துக்கொண்டு, பசிபிக் லீகுக்குக் கீழ்நிலையில் நடக்கும் ‘சேலஞ்சர்ஸ்’ போட்டியின் தகுதிச் சுற்றுகளில் அவன் ஆடட்டும். பயிற்சிக்கு வாரத்தில் குறிப்பிட்ட இரவுகள். அந்த இரவுகளில் நீங்கள் சாப்பிடக் கூப்பிடக்கூடாது, மற்ற இரவுகளில் அவன் மேசைக்கு வர வேண்டும். தோற்ற ஆட்டங்களின் பதிவைத் திரும்பப் போட்டுப் பார்க்கிறானா என்று கவனியுங்கள். ஆட ஆசைப்படுகிறவர் ஆயிரம் பேர். தோற்றதை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பவர் மிகக் குறைவு. ஓர் ஆண்டில் ‘ரேடியன்ட்’ எட்டினால், அல்லது ஒரு நிர்வாகம் சம்பளம் எழுதிய ஒப்பந்தத்தோடு வந்தால், எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்போது வேறு மாதிரிப் பேசலாம். பரிசுத் தொகையில் பங்கு தருகிறோம் என்று மட்டும் சொல்லும் ஒப்பந்தத்தில் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

கணவருக்கு ஒரு வார்த்தை: அடுத்து பேப்பர் ரெக்ஸ் ஆடும் நாளில், மகனிடம் “இதில் நம் ஆள் யார்?” என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். பதில் நீளமாக வரும். குறுக்கே பேசாமல் கேட்டால் போதும்.