பழைய பொருள்களை வைத்து மாதிரி ரயில் வேகன் செய்ய முடியுமா? எதில் தொடங்குவது?

தாராளமாக முடியும். சக்கரத்தை மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள். பொத்தான், சோடா மூடி என்று மாற்று வழி சொல்லும் காணொளிகள் பார்க்கத்தான் நன்றாக இருக்கும். அச்சின் இரு முனையும் கூராகச் சீவப்பட்டு, பித்தளைக் குழியில் உட்கார்ந்து சுழன்றால்தான் வேகன் தடையின்றி உருளும். அதை வீட்டில் கடைய முடியாது. 11 மி.மீ. விட்டமுள்ள சக்கர ஜோடிகள் நான்கு வாங்கினால் ஒரு வேகனுக்குப் போதும்.

முதல் வேலைக்கு, எல்லோரும் பார்த்திருக்கிற, மேலே திறந்த நிலக்கரி வேகனான பாக்ஸ்என் தான் என் சிபாரிசு. கூரை வளைவு கிடையாது, எல்லாம் நேர்க்கோடு. அதன் உடல் 9,784 மி.மீ. நீளம், 3,200 மி.மீ. அகலம். எச்ஓ என்ற மாதிரி ரயில் அளவான 1:87க்குச் சுருக்கினால் 112க்கு 37 மி.மீ. வரும். உட்புற உயரம் 1,950, அது 22.4 ஆகிவிடும். ஒரு சிக்கல் உண்டு. கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. தண்டவாளம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதைக்கு உரியது. நம் அகலப்பாதைக்குக் கணக்குப்படி 19 மி.மீ.க்கு மேல் வேண்டும். எதிரே நின்று பார்த்தால் வேகனின் கால் ஒடுங்கித் தெரியும், பக்கவாட்டில் தெரியாது. இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். கடலூர் வழியில் 2010இல் அகலப்பாதை திறக்கப்படுவதற்கு முன்பிருந்த மீட்டர் கேஜ் காலத்தைச் செய்ய நினைப்பவர்களுக்கு 12 மி.மீ. தண்டவாளம் ஏறக்குறையச் சரியாகவே பொருந்தும்.

பக்கச் சுவருக்குக் காலாவதியான ஏடிஎம் அட்டையைவிட நல்ல பொருளை நான் பார்த்ததில்லை. முக்கால் மி.மீ. கனம், வளையாது, கத்தியால் கீறி மடக்கினால் நேராக முறியும். அகலம் 54 மி.மீ. என்பதால் ஒரு அட்டையில் இரண்டு சுவர்ப் பட்டைகள் கிடைக்கும். நீளம்தான் இடிக்கிறது: அட்டை 85.6 மி.மீ., நமக்கு வேண்டியது 112. ஒட்டுப்போட்டே ஆக வேண்டும். அந்த ஒட்டு நிமிர்ந்த விலாச் சட்டம் ஒன்றின் அடியில் வருமாறு முதலிலேயே குறித்துக்கொண்டால் வெளியே தெரியாது. உள்பக்கம் ஒரு துண்டை வைத்துப் பலப்படுத்திவிடலாம். அட்டையின் மேல் எழுத்துப் புடைத்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். ஒட்டுவதற்குக் குழாய் வேலையில் மிஞ்சிய பிவிசி சொல்யூஷன் போதும். தூரிகையில் ஒரு துளி தொட்டு, மூட்டில் மெல்லியதாகத் தடவி அழுத்திப் பிடியுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

கல்யாணப் பத்திரிகை அட்டையைப் பலர் சொல்வார்கள். தரைக்கும் உள் அடுக்குக்கும் அது சரி. ஆனால் நம் கடற்கரைக் காற்றில் அட்டை ஈரம் இழுத்து முறுக்கிக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஒரே அளவாக வார்னிஷ் பூச வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் நிலைமை இன்னும் மோசமாகும். காலி மாத்திரைப் பட்டையின் அலுமினியத் தாளைப் பின்பக்கத்திலிருந்து தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனாவால் குத்தினால் ரிவெட் வரிசை தயார். ஸ்டேப்ளர் பின்னை நிமிர்த்தினால் கைப்பிடி. சின்ன வாள், சாமணம், பழைய டிரில் பிட் போன்றவற்றைப் புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தேடிப் பாருங்கள்.

வேகனின் அடியில் இவ்விரண்டு சக்கர ஜோடிகளைத் தாங்கித் திரும்பும் சட்டம்தான் போகி. போகி இரண்டில் ஒன்றை இறுக்கமாகத் திருகுங்கள். இடம் வலம் திரும்பினால் போதும், ஆடக் கூடாது. மற்றொன்றைத் தளர்வாக விடுங்கள். தண்டவாளம் மேடு பள்ளமாக இருந்தாலும் எட்டுச் சக்கரமும் படிந்து ஓடும்.

எடை குறைந்தால் வளைவில் தடம் புரளும். எச்ஓ வேகனுக்கு 28 கிராம், அதோடு நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 14 கிராம் என்பது அமெரிக்க மாதிரி ரயில்காரர்களின் கணக்கு. இணைப்பையும் சேர்த்து ஐந்து அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான நம் வேகனுக்குக் கிட்டத்தட்ட 100 கிராம். மீன் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளைத் தட்டித் தட்டையாக்கித் தரையில் ஒட்டிவிட்டு, மேலே சரக்கை நிரப்புங்கள். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவ மறக்காதீர்கள்.

வண்ணத்துக்கு ஜன்னல் கம்பிக்கு அடித்து மிஞ்சிய ரெட் ஆக்ஸைடே சரியான நிறம். பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, தின்னர் சேர்த்து, மெல்லியதாக இரண்டு தடவை பூசுங்கள். சரக்குக்கு டிகாஷன் இறக்கிய காபிச் சக்கையை வெயிலில் காயவைத்து ஃபெவிகால் தண்ணீர் தெளித்தால் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியேதான். அங்கே சுரங்கத்திலிருந்து மின்நிலையத்துக்கு அது பெல்ட்டில் போகிறது, வேகனில் அல்ல என்று யாராவது திருத்த வருவார்கள். வரட்டும்.

இரண்டாவது வேகனாக டாங்கர் செய்யுங்கள். 32 மி.மீ. பிவிசி குழாய்த் துண்டு உடலுக்குக் கிட்டத்தட்ட அளவாக இருக்கும். இரு முனையையும் குவிந்த மூடி எதையாவது தேய்த்துப் பொருத்தி அடைக்க வேண்டியதுதான்.