கணினி கேள்வி–பதில்: டிரைவ் எழுத்து மாறாமல் இருக்க

கேள்வி: கடைக் கணக்கு தினமும் இரவில் யூஎஸ்பி ஹார்ட் டிஸ்கில் பேக்கப் ஆகும்படி அமைத்திருக்கிறோம். யாராவது முன்னதாகப் பென்டிரைவைச் செருகியிருந்தால், வழக்கமாக ‘ஈ’ என்று வரும் ஹார்ட் டிஸ்க் ‘எஃப்’ ஆகிவிடுகிறது. பேக்கப் பென்டிரைவில் போய் விழுகிறது. இதைத் தடுக்க வழி உண்டா?
– வாசகர், சிவகாசி

பதில்: உண்டு. ஒருமுறை கொடுத்த எழுத்தை விண்டோஸ் நினைவில் வைத்திருந்து, அதே டிஸ்க் மீண்டும் வரும்போது அதையே கொடுக்கத்தான் பார்க்கும். ஆனால் அந்த எழுத்தில் அப்போது வேறொன்று உட்கார்ந்திருந்தால், அடுத்துக் காலியாக உள்ளதைக் கொடுத்துவிடும். பென்டிரைவுகளுக்குத் தொடக்கத்தில் உள்ள எழுத்துகளே முதலில் போவதால், உங்கள் ஹார்ட் டிஸ்குக்கு ‘எக்ஸ்’ போன்ற கடைசி எழுத்து ஒன்றைக் கொடுப்பதே நல்லது.

ஹார்ட் டிஸ்கைச் செருகிவிட்டு, ஸ்டார்ட் பொத்தானின் மேல் வலது கிளிக் செய்து ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’டைத் திறவுங்கள். அங்கே அந்த டிஸ்கின் பகுதி மேல் வலது கிளிக் செய்து, ‘சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்’, பிறகு ‘சேஞ்ச்’ என்று போனால் எழுத்தைத் தேர்ந்தெடுக்கலாம். இதற்கு அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை வேண்டும். பேக்கப் மென்பொருளிலும் இலக்கை ‘எக்ஸ்’ என்று மாற்ற மறந்துவிடாதீர்கள்.

இரண்டு ஹார்ட் டிஸ்குகளை நாள் மாற்றிச் செருகுபவர்கள் (கடைக்காரர்கள் எல்லோருமே அப்படிச் செய்வது நல்லது) இரண்டுக்கும் தனித்தனியாக ‘எக்ஸ்’ என்றே கொடுக்கலாம். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டையும் செருகாதீர்கள், டிஸ்கை மாற்றும்போதெல்லாம் ‘எக்ஸ்’ என்றே வந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஏற்பாடு அந்த ஒரு கணினிக்கு மட்டுமே பொருந்தும் என்பதையும், டிஸ்கை ஃபார்மட் செய்தால் எழுத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: அலுவலக உபுண்டு சர்வரில் யூஎஸ்பி டிஸ்கை ‘எஸ்டிபி1’ (sdb1) என்று எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில், அதாவது தொடங்கும்போது எந்த டிஸ்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் கோப்பில், எழுதியிருந்தோம். இன்னொரு டிஸ்கைச் சேர்த்து ரீஸ்டார்ட் செய்தபோது சர்வர் வழக்கம்போல் தொடங்காமல், பழுதுபார்ப்பதற்கான எமர்ஜென்சி மோடில் நின்றுவிட்டது. ஏன்?
– வாசகர், ஓசூர்

பதில்: எஸ்டிஏ, எஸ்டிபி என்பவை மருத்துவமனை டோக்கன் போல வந்த வரிசையில் கொடுக்கப்படுபவை, அடுத்த முறை அதே டிஸ்குக்கு அதே பெயர் கிடைக்கும் என்ற உறுதி கிடையாது. பெயர் மாறியதால், கோப்பில் சொன்னபடி டிஸ்கை இணைக்க முடியாமல் சர்வர் நின்றிருக்கும். எஃப்எஸ்டேப் கோப்பில் அவற்றை எழுதவே கூடாது என்பது என் கருத்து. ஒவ்வொரு கோப்பு முறைமைக்கும் (டிஸ்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் அமைப்பு) ஃபார்மட் செய்யும்போதே யூயூஐடி (UUID) என்ற தனி அடையாளம் பதிவாகிவிடும். ‘பிஎல்கேஐடி’ (blkid) கட்டளை அதைக் காட்டும். அதையே கோப்பில் எழுதுங்கள். கூடவே ‘நோஃபெயில்’ (nofail) என்பதையும் சேர்த்தால், டிஸ்க் செருகப்படாத நாளிலும் சர்வர் தடையின்றித் தொடங்கும்.

யூயூஐடிக்குப் பதில், டிஸ்குக்கு நாமே வைக்கும் பெயரான லேபிளையும் எழுதலாம், படிக்க எளிது. எக்ஸ்ட்4 வகைக் கோப்பு முறைமையில் 16 ஆங்கில எழுத்துகள் வரை இடமுண்டு, ஃபேட்32 வகையில் 11தான். ஆனால் இரண்டு டிஸ்குகளுக்கு ஒரே லேபிள் இருந்தால் எது வரும் என்று சொல்ல முடியாது. விண்டோஸில் ஃபார்மட் செய்த டிஸ்குகளில் பாதி ‘நியூ வால்யூம்’ என்ற பெயரோடுதான் அலைகின்றன. ஒரு டிஸ்கை அப்படியே குளோன் செய்தால் யூயூஐடியும் சேர்ந்தே நகலாகும் என்பதால், அசலையும் நகலையும் ஒரே சர்வரில் செருகுவதற்கு முன் ஒன்றின் யூயூஐடியை மாற்றிவிடுங்கள். எக்ஸ்ட்4 டிஸ்காக இருந்தால் ‘டியூன்2எஃப்எஸ்’ (tune2fs) கட்டளை இதைச் செய்துகொடுக்கும்.