செய்தியைப் படித்துக் கொதித்த பிறகு: மாணவர் கேள்விகளும் எங்கள் பதில்களும்

நாட்டு நடப்பு குறித்துத் தங்கள் கருத்தை எழுத விரும்பும் மாணவர்களிடமிருந்து வந்த கேள்விகள் இந்த வாரம் இடம்பெறுகின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம். கேட்டுக்கொண்டபடி யாருடைய பெயரையும் வெளியிடவில்லை.

பள்ளிகளில் சாதிக் கயிறு கட்டுவதைப் பற்றி நாளிதழ்களுக்கு மூன்று கடிதங்கள் அனுப்பினேன். எதுவும் வரவில்லை. கடைசிக் கடிதத்தை இணைத்திருக்கிறேன். எங்கே தவறு?
– பிளஸ் டூ மாணவர், திருநெல்வேலி மாவட்டம்

கடிதம் இரண்டு பக்கம். “இன்றைய சமுதாயத்தில் சாதி என்னும் கொடிய நோய்” என்று தொடங்குகிறது. வாசகர் கடிதப் பகுதியைப் பார்ப்பவர் அந்த வரியோடு அடுத்த கடிதத்துக்குப் போயிருப்பார். அதே தொடக்கம் அவருக்கு நாள்தோறும் வருகிறது. பிறகு கயிறு, சினிமா, அரசியல்வாதிகள், பெற்றோர், இட ஒதுக்கீடு என்று ஐந்து விஷயங்களைத் தொட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி. எதுவும் நிற்கவில்லை.

ஆனால் இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஒரு வரி கிடக்கிறது: “கயிற்றை அறுக்கச் சொன்னார்கள். இப்போது அதே வண்ண ரிப்பன் புத்தகப்பை ஜிப்பில் தொங்குகிறது.” உங்கள் கடிதம் இதுதான். இதை வேறு யாராலும் எழுத முடியாது. மற்றதையெல்லாம் யாரும் எழுதலாம்.

இப்படி மாற்றிப் பாருங்கள். முதல் வரியில் எந்தத் தேதியில் வந்த எந்தச் செய்திக்கு எழுதுகிறீர்கள் என்று சொல்லுங்கள். அடுத்து அந்த ரிப்பன். மூன்றாவதாக, சரிபார்த்த ஒரு தகவல்: 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் மாணவர் ஒருவர் வீட்டிலேயே வெட்டப்பட்டதைத் தொடர்ந்து, ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கயிறு, மோதிரம் போன்ற அடையாளங்களுக்குத் தடை கேட்டதோடு, வகுப்பில் மாணவர்களை அகர வரிசையில் உட்காரவைக்க வேண்டும், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளத்தை நீக்க வேண்டும் என்றும் அது சொன்னது. கடைசியாக உங்கள் கருத்து. ஒன்றே ஒன்று. தடை, அடையாளத்தைக் கையிலிருந்து பைக்கு மாற்றியது. அகர வரிசை இருக்கையோ தினமும் பக்கத்தில் உட்காருபவரையே மாற்றும். எனவே அதை முதலில் செய்க. ஒப்புக்கொள்ளாதவரும் நின்று படிப்பார். மொத்தம் 120 முதல் 180 சொற்கள் போதும்.

செய்தி வந்த அன்றோ மறுநாளோ அனுப்ப வேண்டும். ஐந்தாம் நாள் வரும் கடிதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பழையதுதான். யூனிகோடில் தட்டச்சு செய்து மின்னஞ்சலுக்குள்ளேயே ஒட்டுங்கள். கையால் எழுதி எடுத்த செல்பேசிப் படத்தை யாரும் உட்கார்ந்து தட்டச்சு செய்யமாட்டார்கள். முழு முகவரி, கைபேசி எண் கட்டாயம். ஒரே கடிதத்தைத் ‘தினமணி’க்கும் ‘இந்து தமிழ் திசை’க்கும் ‘தினமல’ருக்கும் ஒரே நாளில் அனுப்பாதீர்கள். இரண்டில் வந்துவிட்டால் உங்கள் அடுத்த கடிதத்தை இருவருமே போடமாட்டார்கள். பள்ளியில் சிக்கல் வரும் என்று தோன்றினால் ‘பெயர், ஊர் வெளியிட வேண்டாம்’ என்று மேலேயே குறிப்பிடுங்கள்.

மாணவி ஒருவருக்கு நடந்த கொடுமை பற்றி முகநூலில் எழுதினேன். பெயரையும் பள்ளியையும் போட்டதற்குத் தோழி திட்டினாள். எல்லாச் சேனலிலும் வந்ததைத்தானே போட்டேன்?
– கல்லூரி மாணவி, மதுரை

தோழி சொன்னதுதான் சரி. முதல் வேலையாக அந்தப் பதிவை நீக்குங்கள். மற்றவர்கள் போட்டுவிட்டார்கள் என்பது சட்டத்தில் விலக்கு அல்ல.

போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி என எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. தண்டனை ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவு இன்னும் அகலமானது. பாதிக்கப்பட்ட சிறார், சாட்சியான சிறார், குற்றம் சாட்டப்பட்ட சிறார் மூவருக்கும் பொருந்தும். செய்தித்தாள் மட்டுமல்ல, ‘வேறு எந்தத் தகவல் தொடர்பு வடிவமும்’ அதில் அடங்கும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் உட்பட என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர் வயது வந்தவரானாலும் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 72ஆம் பிரிவில் குற்றம். இரண்டாண்டு வரை சிறை உண்டு. அவர் இறந்துபோயிருந்தாலும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் சொல்லியிருக்கிறது.

பலரும் சறுக்கும் இடம் இன்னொன்று. பெயரை விட்டுவிட்டு “அந்த ஊர் டீக்கடைக்காரர் மகள், அந்தப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு” என்று எழுதுவது. பெயர் இல்லாவிட்டாலும் ஊருக்கே தெரிந்துவிடும். மாவட்டத்தையும் வயதையும் மட்டும் சொல்லுங்கள். ‘நீதி கேட்போம்’ என்று படத்தோடு பரப்புவதில் பாதிக்கப்பட்டவருக்கு எந்த நன்மையும் இல்லை என்பது எங்கள் எண்ணம். படத்தைப் பகிர்பவருக்குத்தான் ஏதோ செய்துவிட்ட நிம்மதி.

‘நீதிமன்றம் அதிரடி’ என்ற செய்தியை வைத்து எழுதினேன். அப்படி உத்தரவே இல்லை என்று ஒரு வழக்கறிஞர் கமென்ட் போட்டார். செய்தி பொய்யா?
– சட்டம் படிக்காத மாணவர், கோயம்புத்தூர்

பொய்யாக இருக்க வேண்டியதில்லை. விசாரணையின்போது நீதிபதி வாய்மொழியாகக் கேட்பது வேறு, கையெழுத்திட்டு வெளியிடும் உத்தரவு வேறு. கேட்டது சுவையாக இருந்தால் அதுதான் தலைப்பாகும். மாலையில் வரும் உத்தரவில் அந்த வார்த்தையே இருக்காது.

சில சொற்களை அளவாகப் புரிந்துகொள்ளுங்கள். ‘நோட்டீஸ் அனுப்ப உத்தரவு’ என்றால் எதிர்த்தரப்பிடம் பதில் கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ‘இடைக்காலத் தடை’ இறுதித் தீர்ப்பல்ல. அடுத்த விசாரணையிலேயே நீங்கலாம். ‘தள்ளுபடி’ கோரிக்கை தவறு என்பதற்காகவும் இருக்கலாம், தவறான இடத்தில் கேட்டதற்காகவும் இருக்கலாம். மிக அதிகமாகத் தவறாகப் படிக்கப்படுவது, ‘மனுவை எட்டு வாரத்தில் பரிசீலிக்க உத்தரவு’. இதில் நீதிமன்றம் மனுதாரர் பக்கம் எதுவும் சொல்லவில்லை. அதிகாரி பரிசீலித்து ‘முடியாது’ என்றும் சொல்லலாம். இதை வெற்றி என்று போஸ்டர் அடித்தவர்கள் உண்டு.

வழக்கு எண் கிடைத்தால் இ-கோர்ட்ஸ் தளத்திலோ உயர் நீதிமன்றத் தளத்திலோ உத்தரவை இலவசமாக இறக்கலாம். எண்ணோடு ‘எம்.டி.’ என்று இருந்தால் மதுரைக் கிளை வழக்கு. சென்னை அமர்வின் பட்டியலில் தேடினால் கிடைக்காது. உத்தரவைக் கடைசிப் பத்திகளிலிருந்து படியுங்கள். என்ன செய்யச் சொன்னார்கள் என்பது அங்கேதான் இருக்கும். நடுவில் ‘மனுதாரர் தரப்பு வாதம்’ என்று வரும் பத்திகளை எடுத்து ‘நீதிபதி சொன்னார்’ என்று எழுதிவிடாதீர்கள்.

எங்கள் மாவட்டத்தில் பெண்களுக்கு எதிரான குற்றம் பக்கத்து மாவட்டத்தைவிடக் குறைவு. எனவே எங்கள் ஊர் பாதுகாப்பானது என்று பேச்சுப் போட்டியில் சொல்லலாமா?
– கல்லூரி மாணவி, தருமபுரி

சொல்லலாம், நடுவர் குற்றப் புள்ளிவிவரம் படித்தவராக இல்லாவிட்டால்.

முதலில் எண்ணிக்கையை விட்டு விகிதத்தைப் பாருங்கள். ஒரு கணக்குக்காக: 5 லட்சம் பெண்கள் உள்ள மாவட்டத்தில் 150 வழக்கு என்றால் லட்சத்துக்கு 30. 20 லட்சம் பெண்கள் உள்ள மாவட்டத்தில் 400 வழக்கு என்றால் லட்சத்துக்கு 20. எண்ணிக்கை கூடிய இடத்தில் விகிதம் குறைவு. விகிதத்திலும் ஓர் ஓட்டை உண்டு. கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011இல் நடந்தது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு மதிப்பீட்டு மக்கள்தொகையைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

அடுத்து, தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் எண்ணுவது பதிவான வழக்குகளை. ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தால், தண்டனை அதிகமான ஒன்று மட்டுமே கணக்கில் வரும். காவல் நிலையம் புகாரை வாங்க மறுத்தால் அது எங்குமே நிற்காது. ஆக, எண் குறைவதற்குக் குற்றம் குறைந்ததும் காரணமாக இருக்கலாம், பதிவு குறைந்ததும் காரணமாக இருக்கலாம். மகளிர் காவல் நிலையம் ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கிய ஊரில் எண் ஏறும்.

மேடையில் இப்படிச் சொல்லுங்கள்: “பதிவான வழக்குகளின்படி எங்கள் மாவட்டத்தில் விகிதம் இவ்வளவு.” ஆண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘பாதுகாப்பானது’ என்ற சொல்லை அந்த எண் தாங்காது.

டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறேன். அரசை விமர்சித்து எழுதினால் வேலை கிடைக்காது என்று அப்பா பயப்படுகிறார். உண்மையா?
– பட்டதாரி, விழுப்புரம்

அரசின் கொள்கையை விமர்சிப்பது குற்றமல்ல. ‘எரிச்சலூட்டும்’ பதிவுகளுக்காகக் கைது செய்யப் பயன்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. ஆனால் அப்பாவின் பயத்தை முழுசாகத் தள்ளிவிடவும் வேண்டாம். சிக்கல் வருவது வழக்கு பதிவானால். அப்போதும் வழக்கு இருப்பதைவிட, விண்ணப்பத்திலோ சரிபார்ப்புப் படிவத்திலோ அதை மறைப்பதுதான் பலரைக் கவிழ்க்கிறது.

எங்கே கோடு இருக்கிறது? “பேருந்து நிலையக் கழிப்பறை பராமரிப்பில் நகராட்சி தோற்றுவிட்டது” என்பது கருத்து. “இன்ன பொறியாளர் கமிஷன் வாங்கிவிட்டார்” என்பது ஒருவர் மேல் வைக்கும் குற்றச்சாட்டு. நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். குற்றவியல் அவதூறில் உண்மை என்பது மட்டும் போதாது. பொது நன்மைக்காகச் சொன்னது என்றும் காட்ட வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதாவில் அவதூறுக்கான 356ஆம் பிரிவில் இரண்டாண்டு வரை சிறை உண்டு. மத, சாதிப் பிரிவுகளுக்கிடையே பகை மூட்டுவதாகப் பார்க்கப்படும் பதிவு அதே சட்டத்தின் 196ஆம் பிரிவில் போகும். அது இன்னும் கடுமை. வேறொருவர் எழுதியதை ‘ஷேர்’ செய்ததுதானே என்ற வாதம் காவல் நிலையத்தில் உதவாது.

வேலையில் சேர்ந்த பிறகு கதை வேறு. 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் அரசை வெளிப்படையாக விமர்சிப்பதைக் கட்டுப்படுத்துகின்றன. எழுத வேண்டியதை இப்போதே எழுதுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் “எங்கள் பள்ளிக் கழிப்பறையை ஏன் சுத்தம் செய்வதில்லை?” என்று கேட்டேன். “கேள்விக்குப் பதிலளிக்க இயலாது” என்று பதில் வந்தது. 18 வயதாகாததாலா?
– மேல்நிலைப் பள்ளி மாணவர், தஞ்சாவூர் மாவட்டம்

வயது காரணமல்ல. சட்டம் ‘குடிமக்கள்’ என்கிறதே தவிர வயது வரம்பு வைக்கவில்லை. காரணம் அந்த ‘ஏன்’. அலுவலகத்தில் காகிதமாகவோ கணினியிலோ இருப்பதைத்தான் கேட்டு வாங்க முடியும். விளக்கமும் கருத்தும் தர அலுவலர் கடமைப்பட்டவரல்ல.

இப்படிக் கேளுங்கள்: “2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரை எங்கள் பள்ளிக் கழிப்பறைத் தூய்மைப் பணிக்கு ஒதுக்கப்பட்ட தொகை, செலவிட்ட தொகை, அதற்கான பில்கள், தூய்மைப் பணியாளர் வருகைப் பதிவு ஆகியவற்றின் நகல் தேவை.” காலத்தை எழுதாவிட்டால் ‘தகவல் விரிவானது’ என்று தட்டிக்கழிக்க இடம் கிடைக்கும். ஒரு மனுவில் ஒரு விஷயம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை, சொல்லவும் வேண்டாம்.

மாநில அரசு அலுவலகத்துக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை மனுவில் ஒட்டலாம். ரயில்வே, தேசிய நெடுஞ்சாலை போன்ற மத்திய அலுவலகங்களுக்கு அந்த வில்லை செல்லாது. 10 ரூபாய் இந்திய அஞ்சல் ஆணை வாங்கி இணைக்கலாம். மனு திரும்பி வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பொதுத் தகவல் அலுவலர் என்று பதவியைப் போட்டு, விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பி, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகம் மாறிப்போனாலும் ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் வேலை.

30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் அரைகுறையாக இருந்தாலும், அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. அங்கும் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஆணையத்தில் முடிவு வர நெடுநாள் ஆகலாம், நீங்கள் பள்ளியை விட்டே போயிருப்பீர்கள். ஆகவே முதல் மனுவை ஓட்டை இல்லாமல் எழுதுவதுதான் லாபம்.

கிராம சபையில் மாணவர்கள் பேசலாமா?
– மாணவர், சிவகங்கை மாவட்டம்

வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்கள் உறுப்பினர், தாராளமாகப் பேசலாம். 18 ஆகாவிட்டால் வீட்டுப் பெரியவர் பெயரில் மனு கொடுங்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கூட்டத்தில் பேசியது காற்றோடு போய்விடும். கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லி, எழுதிய பிறகு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கையெழுத்தை அதன் பிறகு போடுங்கள். பக்கம் காலியாக இருக்கும்போதே வருகைக்கென்று வாங்கிய கையெழுத்துகளின் மேலே என்ன தீர்மானம் ஏறும் என்று சொல்ல முடியாது.